வாசலில் நாலு ஜோடிச் செருப்பு

எம். புதுப்பட்டி,
12.11.2024

அன்புள்ள செல்விக்கு,

போனை எடுக்காமல் பேனாவை எடுத்திருக்கிறேன். பஸ் ஏறும்போது நீ சொன்னதை மறக்கவில்லை. "போன்ல பேசுனா என்னையச் சிரிக்க வச்சே காரியத்தச் சாதிச்சுருவீக. எளுதுங்க. எளுதுனாத்தான் யோசிப்பீக" என்றாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துப் பிரீத்திகா சிரித்தால் காதைத் திருகு. ஒன்பது வயசில் அப்பனைக் கேலி செய்யக் கூடாது.

நான் நலம் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். நலமில்லை என்று எழுதினால் எனக்குக் கௌரவக் குறைச்சல். சோறு பொங்கிவிடுகிறேன். குழம்புதான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறத்தில் வருகிறது. என் நீலக்கட்டம் போட்ட சட்டையைக் காணவில்லை. முதுகில் கிழிந்த இடத்தில் நீ கறுப்பு நூல் போட்டுத் தைத்தாயே, அது. நீதான் எடுத்துப்போயிருக்கிறாய். சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் புருஷன் சட்டையை எதற்கு எடுத்துப்போக வேண்டும்? இதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வெடி கம்பெனி கைமாறிவிட்டது. தீபாவளி போனஸ் கொடுத்த அன்றே லட்சுமிகாந்தம் முதலாளி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன வியாழக்கிழமை எல்லோரையும் வரச்சொல்லி, கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்று பேசினார். "மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு வரமாட்டேங்கான். எனக்கும் முன்ன மாதிரி ஓட முடியல. வாங்குறவுக பெரிய ஆளுக. உங்களக் கைவிட மாட்டாக" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆட்டிப் பழகிய தலைதானே. நம் தெரு வேலுத்தாய் மட்டும், "மொதலாளி, பூசைக்கு எங்க எல்லாத்துக்கும் பழம் உண்டுல்ல?" என்று கேட்டாள். அவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் நீ தாயில்பட்டியில் வேலை பார்த்த இடத்தில் இந்தப் பழம் கொடுக்கிற வழக்கம் கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். எங்கள் கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் பேப்பர் எந்தக் காலத்திலும் கிடையாது. தீபாவளி லீவு முடிந்து திறக்கும் அன்று, பூசையில் முதலாளி கையால் யார் எலுமிச்சம்பழம் வாங்குகிறார்களோ அவர்களுக்கு அந்த வருஷம் வேலை. இப்போது ஊரே பூசை எப்போது என்று கேட்டுக்கொண்டு திரிகிறது. தேதியை யாரும் சொல்லவில்லை. பாதி ஆள் போதும் என்று புது ஆட்கள் சொல்லிவிட்டதாக டீக்கடையில் பேச்சு. அந்தப் பாதியில் யார் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

புது ஆட்களின் மேனேஜர் பெயர் ராஜபாண்டியன். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய போர்மேன் வயசாகிவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டார். "பரீட்ச எழுதிப் போர்மேன் சர்டிபிகேட் வச்சிருக்கிற சூப்பர்வைசர் இங்க நீங்க ஒருத்தர்தானாமே. உங்க பேரையே போட்ருவோமா?" என்று கேட்டார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில்தான் யாரும் இல்லையே. அதனால் எழுதிக் கேட்கிறேன்.

குழம்பில் உப்புக் குறைந்தாலும் உன்னை நினைக்கும்
அன்பு


தாயில்பட்டி,
20.11.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. பிரீத்திகா சிரிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு ற, ர தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நீங்கள் சொன்னதே பெரிய விஷயம் என்கிறாள் அண்ணி. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்தச் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினீர்களே, அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் ஆணி அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சட்டையை நான்தான் எடுத்தேன். சந்தோஷப்படுவதை நிறுத்துங்கள். வெடிமருந்து வேலைக்குப் போகும் பொம்பளைகள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவது உங்களுக்குத் தெரியாதா? எப்படியும் நான் வேலைக்குப் போக வேண்டும். பழைய சட்டையாகப் பார்த்து எடுத்தேன். இங்கே இப்போது செக்கிங் என்று நிறைய கம்பெனிகளைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். திறந்ததும் போவேன். அண்ணன் வீட்டில் எத்தனை நாளைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது?

போர்மேன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் எழுத வேண்டுமா? ஒவ்வொரு அறைச் சுவரிலும் எத்தனை ஆள் உட்காரலாம் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு ஆள் உட்காராமல் பார்க்க வேண்டியவர். உட்கார்ந்து, ஒன்று கிடக்க ஒன்று ஆனால் போலீஸ் வேனில் முதலில் ஏற வேண்டியவரும் அவர்தான். என் அண்ணனை விலங்கு போட்டுக் கூட்டிப்போன அன்று அவன் முதலாளி ஊரிலேயே இல்லை. கேட்டில் போர்மேன் என்று எழுதியிருந்தது அவன் பேர், பத்திரகாளி. அதனால் பத்திரகாளியைக் கூட்டிப்போனார்கள்.

ஜெயிலைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அவன் திரும்பி வந்து நான்கு வருஷம் ஆகிறது. அவன் கம்பெனி வெடித்ததில் செத்துப்போன ஆறு பேரின் வீடும் எங்கள் தெருவில்தான். ஒருவர்கூட அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நல்லது. யார் வீட்டுக் கதவும் திறக்கும் முன்னே ஆட்டைப் பத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுகிறான். தெரு அடங்கிய பிறகு வருகிறான். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதில்லை. மனுஷன் மாதிரியே இல்லை.

வேலை போனால் போகட்டும். விருதுநகரில் பருப்பு மில்லில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பாருங்கள். என்ன வேலை என்றாலும் சரி. கேட்டில் உங்கள் பேர் மட்டும் ஏறக் கூடாது. நான் கேட்பது இது ஒன்றுதான். இதைச் செய்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். புளியைக் கரைத்துவிட்டு அடியில் நிற்கும் கசடை ஊற்றாதீர்கள், குழம்பு நிறம் மாறாது.

செல்வி


எம். புதுப்பட்டி,
3.12.2024

அன்புள்ள செல்விக்கு,

நீ சொன்னபடி விருதுநகர் போனேன். இரண்டு மில், கொத்தமல்லி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கி. மில்லில் மூட்டை தூக்க என்னைவிடப் பாதி வயசுப் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். கிட்டங்கியில் வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. "இம்புட்டு வருஷம் வெடி கம்பெனியிலயா இருந்தீக? இங்கன பீடி சிகரெட் பத்தவைக்காம இருந்தாச் சரி" என்று அந்தக் கணக்குப்பிள்ளை சிரித்தார். பிறகு எழுதுகிறேன் என்றார். அவர் எழுத மாட்டார்.

இங்கே ஒரு கூத்து. போர்மேன்தான் ஆள் பிரித்துக் கொடுப்பார், அவர் கைகாட்டியவர்களுக்குத்தான் பழம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கிளப்பியது ராஜபாண்டியனாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது உண்மை. அன்றிலிருந்து நான் குழம்பே வைக்கவில்லை செல்வி. ஒரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு, இன்னொரு வீட்டிலிருந்து அவியல். வேலுத்தாய் நாட்டுக்கோழி அடித்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் அழுகிறாள். சாப்பிட்டால் எனக்கு இறங்கவில்லை.

மேலத்தெரு சோலையம்மாள் பெரியம்மா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து வாசலில் நின்றது. அதற்கு இருமல் அதிகமாகிவிட்டது. எனக்குத் தெரியக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பேசுகிறது. "ஏலே அன்பு, பெரியப்பனுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருக்கது உனக்குத் தெரியும்லே. நீ சொன்னா எடுப்பாகளாம்லே. ஒரு சொல்லு சொல்லுலே" என்றது. என்னைத் தூக்கி வளர்த்த மனுஷி. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசியது.

நீ சொல்வது எல்லாம் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் நான் மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப்பார். ராஜபாண்டியன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நீங்க இல்லேன்னா சாத்தூர்ல இருந்து ஒருத்தரக் கொண்டாந்துருவோம். எங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல." சாத்தூர்க்காரனுக்குச் சோலையம்மாள் யார், வேலுத்தாய் யார்? சீசன் நேரத்தில் மேலேயிருந்து சொன்னால் நாலு பேர் உட்காருகிற அறையில் எட்டுப் பேரைத் திணிப்பான். நான் இருந்தால் சுவரில் நாலு என்றால் உள்ளேயும் நாலுதான். பேர் போடுகிறவன் நல்லவனாக இருந்தால் நல்லதுதானே?

உன் அண்ணனுக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேரும் என்று ஏன் நினைக்கிறாய்? நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ சரி என்று எழுது.

அன்பு


தாயில்பட்டி,
11.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கே மனசு ஆடிப்போனது. நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. அதனால் அதை எடுத்துக்கொண்டு அண்ணன் ஆடு மேய்க்கிற இடத்துக்குப் போய் முழுதும் படித்துக் காட்டினேன்.

அவன் பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. முதலில் வேலிமுள்ளை ஒடித்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த ஆறு பேத்தையும் மொதலாளி வேலைக்கு எடுக்கல தங்கச்சி. நாந்தான் எடுத்தேன். ஒவ்வொருத்தியும் இப்படித்தான் வாசல்ல வந்து நின்னா. ஒருத்திக்கு மகளுக்குச் சடங்கு, ஒருத்திக்குப் புருசன் குடிகாரன். ஆளு கூடுதலா இருக்குன்னு தெரியும். எந்திரிச்சுப் போங்கத்தான்னு சொன்னா எங்க போவாக? பாவம்னு விட்டேன். கொடுமக்காரனா இருந்திருந்தா வெரட்டிருப்பேன். அம்புட்டுப் பேரும் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாக."

அப்புறம் ஆட்டைப் பத்த எழுந்துகொண்டே, "முருங்கக்காய மட்டும் வாங்க வேண்டாம்னு மாப்பிள்ளைட்டச் சொல்லு" என்றான்.

நீங்களும் விரட்டுகிற ஆள் இல்லை மச்சான். உங்களை எனக்குத் தெரியும். தெருநாய் படுத்திருந்தால் தாண்டிப் போகாமல் சுற்றிப் போகிற ஆள் நீங்கள். அதனால்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் பயப்படுகிறேன்.

பூசைக்குப் போகாதீர்கள். பொங்கலுக்கு இங்கே வாருங்கள். பிரீத்திகா கரும்புக்கு அப்பா வரட்டும் என்று சொல்லி யாரையும் வாங்கவிடவில்லை. வந்தால் மூன்று பேருமாக யோசிப்போம். கூலி வேலை செய்துகூடப் பிழைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த எள்ளுருண்டை பிடித்து வைக்கிறேன்.

எதிர்பார்த்திருக்கும்
செல்வி


எம். புதுப்பட்டி,
24.1.2025

அன்புள்ள செல்விக்கு,

பொங்கலுக்கு வரவில்லை என்று நீ கோபமாக இருப்பாய். வரலாம் என்று பை எல்லாம் எடுத்துவைத்தேன். பொங்கல் கழிந்து வெள்ளிக்கிழமை பூசை என்று ஆள் வந்து சொன்னார்கள். வந்தால் அங்கேயே இருந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் வரவில்லை.

பூசையைப் பற்றிச் சொல்கிறேன். லட்சுமிகாந்தம் முதலாளி காலத்தில் ஒரு சாக்குப் பழம் வரும். இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். இந்தத் தடவை ராஜபாண்டியன் காரிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பூசாரி மணி ஆட்டினார், எல்லோரும் சாமியைப் பார்க்காமல் பையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

முதல் பழம் எனக்கு. மற்றவர்கள் பேரை நான்தான் வாசித்தேன். சோலையம்மாள் பெரியம்மாவைச் சேர்த்துவிட்டேன், இருமலோடு. அது பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. வேலுத்தாயைச் சேர்க்க முடியவில்லை. பேர் வாசித்து முடிந்த பிறகும் அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். ராஜபாண்டியன் வெறும் பையை நான்காக மடித்துக் காரில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வேலுத்தாய் வீட்டுக்கு வந்தாள். கோழிக் குழம்பு கொடுத்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

கேட்டில் பேர் எழுதியாயிற்று. பெயிண்டர் பயல் அன்பரசன் என்பதற்கு மூன்று சுழி போட்டு "அண்பரசன்" என்று எழுதிவிட்டான். அழித்து எழுதச் சொன்னேன். எழுதுவதுதான் எழுதுகிறோம், சரியாக இருக்கட்டும்.

வேலை இருக்கிறது செல்வி. ஊரில் பாதிப்பேர் வேலையில்லாமல் நிற்கும்போது எனக்கு வேலை இருக்கிறது. இதைக் கேட்டு நீ கொஞ்சமாவது நிம்மதிப்படக் கூடாதா? பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நீ வந்து விளக்கேற்று.

அன்பு


தாயில்பட்டி,
2.2.2025

பிரீத்திகா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குப் படித்துக்காட்டவில்லை.

நீங்கள் மூன்று சுழியை அழித்து எழுதச் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அண்ணன் வேலை பார்த்த கம்பெனி கேட் இன்னும் இருக்கிறது. பேர் மேலே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மழை பெய்து நனைந்தால் பேர் தெரிகிறது. அந்த வழியாகத்தான் பிரீத்திகா பள்ளிக்கூடம் போகிறாள்.

எள்ளுருண்டையைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாலுதான் என்று எழுதியிருந்தீர்கள். அண்ணனும் ஆரம்பத்தில் நாலுதான் என்று சொன்னான். உள்ளே நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் எப்படி எண்ணுவீர்கள்?

செல்வி


எம். புதுப்பட்டி,
20.5.2025

அன்புள்ள செல்விக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். வடக்கேயிருந்து ஆர்டர் மேல் ஆர்டர். ராஜபாண்டியன் போனில் "லோடு எங்க, லோடு எங்க" என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை. தினமும் யாரையாவது நிறுத்திவிடுவேன் என்கிறார். பழம் வாங்கியும் பயம் போகவில்லை. சோலையம்மாள் பெரியம்மா என்னைக் கண்டாலே இருமலை அடக்கிக்கொள்கிறது. என்னைப் பார்த்து எதற்குப் பயப்படுகிறது என்று தெரியவில்லை.

எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது இல்லையா? எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே உட்காருவார்கள். அறைக்குள் நுழைந்து தலையை எண்ணினால் பொம்பளைகளுக்குக் கை பதறும், மருந்து வேலையில் கை பதறக் கூடாது. அதனால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிவிடுவேன். நாலு ஜோடி இருந்தால் நாலு பேர். ஒரு சுற்றில் எல்லா அறையும் முடிந்துவிடும். இந்த யோசனையை ராஜபாண்டியனே பாராட்டினார். இதுவரை ஒரு நாளும் எந்த வாசலிலும் ஐந்தாவது ஜோடியை நான் பார்த்ததில்லை. இதைச் சத்தியமாக எழுதுகிறேன்.

இன்னொரு நல்ல சேதி. பழம் கிடைக்காதவர்களை இப்போது கான்ட்ராக்ட் வேனில் கூட்டி வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கமிருந்தும் ஆள் ஏற்றுகிறார்கள். பேக்கிங் வேலைக்கு என்றுதான் சொன்னார்கள். அந்தக் கணக்கு என்னிடம் கிடையாது, ராஜபாண்டியனே பார்த்துக்கொள்கிறார். வேலுத்தாயும் வருகிறாள். அவள் மறுபடி என்னிடம் சிரித்துப் பேசுகிறாள். எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வந்துவிடு. பிரீத்திகாவை இங்கேயே சேர்ப்போம். என் பேச்சில் உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் நீயே வந்து எண்ணிப் பார். நாலுக்கு மேல் ஒரு ஆள் இருந்தால் நான் அந்தச் சர்டிபிகேட்டைக் கிழித்துப்போடுகிறேன்.

காத்திருக்கும்
அன்பு


தாயில்பட்டி,
18.6.2025

போர்மேன் அவர்களுக்கு,

வந்து எண்ணிப் பார் என்று எழுதியிருந்தீர்கள். வந்தேன்.

போன திங்கட்கிழமை எங்கள் தெரு முக்கில் கான்ட்ராக்ட் வேன் நின்றது. ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். சேலைக்கு மேல் உங்கள் நீலக்கட்டம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். உங்கள் ஊரில் வேலுத்தாய் ஏறினாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி கேட்டுக்குள் வேன் நுழைந்ததும் கான்ட்ராக்ட்காரன் திரும்பிப் பார்த்து, "செருப்ப வண்டியிலயே போட்ருங்கத்தா. போர்மேன் செருப்பத்தான் எண்ணுவாரு" என்றான். புதிதாக வந்த நான் மட்டும்தான் திகைத்துப்போனேன். மற்றவர்கள் அவன் சொல்வதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள்.

வெறுங்காலோடு நடந்து போனோம். தரை காலையிலேயே சுட்டது. என்னையும் வேலுத்தாயையும் இன்னொரு பெண்ணையும் ஒரு அறையில் உட்காரச் சொன்னார்கள். பேக்கிங் இல்லை, பேன்சி வெடிக்குத் திரி வைக்கிற அறை. வாசலில் நாலு ஜோடிச் செருப்பு ஒழுங்காகக் கிடந்தது. சுவரில் நாலு என்று எழுதியிருந்தது. உள்ளே ஏற்கெனவே நாலு பேர். எங்களோடு ஏழு. முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்தோம். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மருந்துப் பொடி படிந்து கையும் சட்டையும் வெள்ளி பூசின மாதிரி ஆகிவிட்டது. சோலையம்மாள் பெரியம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தது. துணி கட்டியிருந்தாலும் அதற்குத் தெரிந்தது.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். எனக்கு நடையிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நின்றீர்கள், உங்கள் நிழல் என் மடியில் விழுந்தது. என் முதுகு உங்கள் பக்கம் இருந்தது. நான் கறுப்பு நூல் போட்டுத் தைத்த முதுகு. திரும்பலாமா வேண்டாமா என்று திரியைக் கையில் பிடித்தபடி இருந்தேன். உங்களைத் திட்டத்தான் வந்தேன். ஆனால் அந்த நேரத்தில், பார்த்துவிடுங்கள், பார்த்துவிடுங்கள் என்றுதான் சாமியைக் கும்பிட்டேன். பார்த்திருந்தால் எல்லோர் முன்னாலும் உங்களோடு எழுந்து வந்திருப்பேன்.

நீங்கள் குனிந்து செருப்பை எண்ணினீர்கள். "நாலு" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பெரியம்மா அடக்க முடியாமல் இருமியது. நீங்கள் தலையைத் தூக்காமலே, "தண்ணி குடிங்க பெரியம்மா" என்றீர்கள். எவ்வளவு பிரியமாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள்.

தெரிந்துதான் பார்க்காமல் போகிறாரா, தெரியாமல்தான் போகிறாரா என்று வேலுத்தாயிடம் கேட்டேன். அவள் திரியை வைத்துக்கொண்டே சொன்னாள். "அவுக நல்லவுகத்தா. நிமுந்து பாத்தா எங்கள வெளிய அனுப்பணும்ல? அதான் பாக்க மாட்டாக."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு அந்த அறையில் இருக்கக் கூடாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோற்று நேரத்தில் எழுந்து யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். வேன் பூட்டிக் கிடந்தது, செருப்பு எடுக்க முடியவில்லை. கேட்டில் உங்கள் பேரைப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. வெறுங்காலோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் அழுதான். ஜெயிலிலிருந்து வந்த அன்றுகூட அழாதவன்.

பிரீத்திகாவை இந்த வருஷமும் இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். நான் இனி அங்கே வரவில்லை. சர்டிபிகேட்டைக் கிழிப்பதும் கிழிக்காததும் உங்கள் இஷ்டம். நான் சொல்லி நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். உங்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

சட்டையைத் துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவை துவைத்தும் காலரில் அந்த வெள்ளி போகவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது காலை நேரமாக இருந்தால் உடனே போங்கள். நான் ஒருத்திதான் எழுந்து வந்திருக்கிறேன். உள்ளே இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.

மாரிசெல்வி